மருந்தடிப்பவர் எழுத வேண்டிய பாடம்: புத்தூர்த் தோட்டங்களில் பீடைகொல்லிப் பாதுகாப்புப் பயிற்சி

1. ஆய்வின் பொருள்

வலிகாமம் கிழக்கின் புத்தூரில் பலருக்குத் தொழிலிடம் தோட்டம்தான். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை என்று பருவத்துக்குப் பருவம் பயிர் மாறினாலும், முதுகில் மிசினைச் சுமந்து மருந்து அடிக்கும் வேலை மாறுவதில்லை. அந்த வேலையைச் செய்பவர் சட்டத்தின் பார்வைக்குள் இருக்கிறார். அவர் கையிலுள்ள போத்தலை 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆள்கிறது. எதை விற்கலாம், லேபலில் என்ன இருக்க வேண்டும் என்பவற்றை அச்சட்டம் வகுக்கிறது.

போத்தல் கடையை விட்டுத் தறைக்கு வந்தபின் அவரைக் காப்பது என்ன? 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்காக எழுதப்பட்டது. தோட்டத்தில் மேற்பார்வை அலுவலர் கிடையாது, பரிசோதகர் கிடையாது. லேபல், ஒரு துண்டுப் பிரசுரம், எப்போதாவது நடக்கும் அரைநாள் வகுப்பு ஆகியவையே விதி அவரை வந்தடையும் வழிகள். ஆகவே அவற்றில் வரும் பாடத்தை எழுதியவர் யார் என்பது சிறிய கேள்வி அல்ல. நீண்டகாலம் தோட்டத்தில் நின்றவரே அதன் முதல் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. மண், நீர், காற்று

பொதுவான கையேடுகள் பலவற்றில் ஒரு விதி தவறாமல் வரும்: மருந்துப் பாத்திரம் கழுவிய நீரை ஆற்றிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லை. அவ்விதியைப் படிக்கும் புத்தூர்த் தோட்டக்காரர், இது வேறு யாருக்கோ சொன்னது என்று கடந்துபோவார்.

இங்கே ஆறு நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தேங்குகிறது. அருகிலுள்ள நிலாவரைக் கிணறு அந்தக் கல்லில் இயற்கையே திறந்துவைத்த வாய். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடிக்கும் நீரும் இறைக்கும் நீரும் இதே நிலத்தடி நீர்தான். கிணற்றடியில் மிசினைக் கழுவினால், கழுவிய நஞ்சு போகும் இடமும் அதுதான். குடாநாட்டின் பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார அமைப்பு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை நைத்திரேற்று மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தறையில் இட்ட உரம் கிணற்றுக்கு வந்து சேர்ந்ததன் சாட்சி அது. இந்த ஊருக்கான பாடத்தின் முதல் விதி இப்படி இருக்க வேண்டும்: கிணற்றடியில் கழுவாதே. வெறுமையான போத்தலை மூன்று முறை அலசி, அலசிய நீரை மிசினுக்குள்ளேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடு.

சுண்ணாம்புக்கல் நீருக்கு இன்னொரு குணம் உண்டு. அது வன்னீர், காரத்தன்மை உடையது. காரநீரில் ஒகனோபொசுபேற்று, காபமேற்று வகை மருந்துகள் பல விரைவில் சிதைந்து வீரியம் இழக்கும். காலையில் கலந்துவைத்துவிட்டுத் தேநீர் குடித்து, இறைப்பையும் பார்த்துவிட்டு அடித்தால் பூச்சி சாகாது. அடுத்த முறை அவர் ஒரு மூடி கூட ஊற்றுவார். அதிக அளவு பாவிக்கும் கமக்காரரை அறியாமை உள்ளவர் என்று வகுப்பில் கண்டிப்பது சுலபம். அவர் அப்படிச் செய்வதற்கு நீரில் ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க, இந்தக் கிணற்று நீரில் மருந்து கலந்து பார்த்தவர் வேண்டும்.

காற்றும் அப்படியே. காற்று வீசும்போது அடிக்காதீர்கள் என்று எழுதுவது எளிது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று ஓயும் நேரம் எது? விடிகாலை ஒன்றே. அதே விடிகாலையில்தான் இறைப்பு வேலையும் வரும். எந்த நாளில் இறைப்பு, எந்த நாளில் மருந்து என்று வேலையை ஒழுங்குபடுத்திக் காட்டாத பாடம் சோளகக் காலத்தில் பயன்படாது.

3. உடலும் கவசமும்

முழுக்கை அங்கி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி, சப்பாத்து என்று படத்தோடு போடப்பட்ட பட்டியலை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தோட்டத்தில் காணக்கூடியது மடித்துக் கட்டிய சாரமும் வெறுங்காலும். இதைக் கவனக்குறைவு என்று முடிவுகட்டுவது அநியாயம். பங்குனி, சித்திரை வெயிலில் இறப்பர் அங்கியோடு மிசினைச் சுமந்து நடப்பவருக்கு வெப்பமே ஆபத்து. உலக உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2014 இல் வெளியிட்ட பீடைகொல்லி முகாமைத்துவ நடத்தைக் கோவை இதை ஏற்றுக்கொள்கிறது. வசதியில்லாத, விலை கூடிய அல்லது எளிதில் கிடைக்காத கவசம் தேவைப்படும் மருந்துகளை, குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு பயிர்ச்செய்கையாளர் விடயத்தில், தவிர்க்க வேண்டும் என்கிறது அது. அப்படியிருந்தும் பயிற்சி ஏடுகள் பழைய படத்தையே அச்சிடுகின்றன.

அனுபவம் உள்ளவர் எழுதினால் பட்டியல் வரிசை பெறும். எல்லாவற்றையும் அணிய முடியாது என்றால் எதை முதலில் அணிவது? ஆபத்து கூடிய நேரம் அடிக்கும் நேரம் அன்று, போத்தலைத் திறந்து அளக்கும் நேரம். அப்போது கையில் படுவது நீர் சேராத முழு மருந்து. அளக்கும் சில நிமிடங்களுக்குக் கையுறை போடச் சொன்னால் எவரும் போடுவார், வெயில் அங்கே தடையில்லை. அடுத்தது முதுகு. மூடி இறுகாத மிசினிலிருந்து கசியும் மருந்து சேட்டை நனைத்து, வியர்வையோடு தோலில் மணிக்கணக்கில் ஊறும். வயலில் நஞ்சு உடலுக்குள் பெரும்பாலும் போவது மூக்கால் அல்ல, தோலால். மூடியின் வாசரை மாற்றுவதும், முதுகுக்கும் மிசினுக்கும் இடையே ஒரு பொலித்தீன் விரிப்பதும் சில நூறு ரூபா வேலை.

நொசில் அடைபடும் கணத்தைப் பாருங்கள். மிசின் முதுகில், பாதித் தறை மிச்சம், கூலிக்காரருக்கு நேரம் போகிறது. அவர் நொசிலைக் கழற்றி வாயில் வைத்து ஊதுகிறார். ஒரு நொடியில் முடிகிறது வேலை. ஊதாதீர்கள் என்ற தடை நல்ல கையேடுகளில் உண்டு. ஆனால் அடைப்பு வருவது ஏன் என்பதில் அவை நிற்பதில்லை. வாய்க்காலில் அள்ளிய செம்மண் கலங்கல் நீரை வடிக்காமல் ஊற்றியதால் அடைபட்டது. ஒரு துணியில் வடித்து ஊற்றினால் பாதி அடைப்பு வராது. மிச்சத்துக்குச் சட்டைப் பையில் ஒரு பழைய பற்தூரிகையும், மாற்ற இன்னொரு நொசிலும். தடையைவிட இந்த இரண்டும் அதிகம் காக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

4. இரண்டு வெளிச் சான்றுகள்

2017 இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலை சென்றனர். அந்த ஆண்டு பருத்தி வழமையை விட உயரமாக வளர்ந்திருந்ததால், அடித்த மருந்து முகத்துக்கும் மார்புக்கும் திரும்பி வந்தது. பயிரின் உயரம் மாறினால் பாதுகாப்பு விதியும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. புத்தூரில் வெங்காயம் கணுக்காலுக்கு, வளர்ந்த புகையிலை மார்புக்கு, வாழை தலைக்கு மேல். மூன்றுக்கும் ஒரே பாடம் போதுமா?

நல்ல சான்று இந்தோனேசியாவில் உண்டு. அங்கே புகையான் என்னும் பூச்சி நெல்லை அழித்தபோது, கூடுதலாக மருந்தடித்ததால் அதன் இயற்கை எதிரிகள் இறந்ததே பெருங்காரணம் என்று தெரியவந்தது. 1986 இல் நெல்லுக்கு 57 மருந்துகள் தடைசெய்யப்பட்டன. 1989 இல் சாவாவில் விவசாயிகள் வயற்பள்ளி தொடங்கியது. அங்கே பாடப் புத்தகம் வயலே. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் இறங்கிப் பூச்சியை எண்ணி, அடிப்பதா வேண்டாமா என்று விவசாயிகளே முடிவெடுத்தார்கள். பின்னர் தேர்ந்த விவசாயிகளே பயிற்றுநராயினர். அந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது.

2021 இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் நவம்பரில் மீளப்பெறப்பட்டதை இங்கு விரிக்கத் தேவையில்லை. பருவக் கணக்கு அறிந்தவரின் சொல் கேளாத விதிக்கு நேர்ந்ததை எல்லாத் தோட்டக்காரரும் அறிவர்.

5. பழக்கம் மறைப்பவை

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இருபது வருடம் அடித்தவர், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார். நொசிலை ஊதுவதும் அனுபவம் உள்ளவர்தான். தலையிடியையும் வாந்தியையும் வெயிலின் கணக்கில் எழுதுபவரும் அவரே. மெல்ல வரும் நரம்புக் கேட்டைத் தோட்டம் காட்டித்தராது, வைத்தியசாலைதான் காட்டும்.

ஆகவே அனுபவம் என்பதில் நோயாளியைப் பார்த்தவரின் அனுபவமும் அடங்கும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 இல் நஞ்சுத் தகவல் நிலையம் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவின் தலைமையில் தொடங்கியது. அந்நிலையத்துக்கு முன்னும் பின்னுமாக, 1984 இல் பரத்தையோன் வகை மருந்துகள், 1995 இல் எஞ்சிய முதலாம் வகைக் கடும் நஞ்சுகள், 1998 இல் எண்டோசல்பன், 2008 முதல் படிப்படியாகப் பரகுவாட் என்று இலங்கை விலக்கியது. மருந்தைக் குடித்து இறப்போர் குறைய, 1995 அளவில் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் பத்தாண்டில் பாதியாகக் குறைந்தது. எந்த நஞ்சு ஊருக்குள் வருகிறது என்பதை மாற்றிய இடத்தில் உயிர் தப்பியது. எந்த வகுப்பும் தனித்து அதைச் செய்திருக்க முடியாது.

6. எழுதும் குழு

யாழ்ப்பாணத் திருநெல்வேலியின் விவசாயப் பயிற்சி நிலையமும் கமநல சேவை நிலையங்களும் இருக்கின்றன, புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. கூலிக்கு மருந்து அடிப்பவர் இருவர், புகையிலையும் வெங்காயமும் நீண்டகாலம் செய்த ஒருவர், விவசாயப் போதனாசிரியர், நஞ்சுண்டவரைப் பார்த்த ஒரு தாதி ஆகியோர் ஒரு தறையில் கூடி ஒரு பருவம் வேலையைப் பார்த்தபின் எழுதட்டும். சட்டம் அறிந்தவர் கடைசியில் படித்துத் திருத்தட்டும். குழுவினருக்கு அந்த நாட்களுக்குரிய கூலி கொடுக்கப்பட வேண்டும். இலவசமாகக் கேட்டால் வசதியுள்ளவரே வருவார். சர்வதேசத் தொழில் அமைப்பின் 2001 ஆம் ஆண்டு 184 ஆம் இலக்கச் சமவாயம், விவசாயத் தொழிலாளருக்கான பயிற்சி அவர்களின் கல்வியையும் மொழியையும் கருதி விளங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்ற இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

குழுவில் இன்னும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மருந்து அடித்த தறையில் மறுநாள் காலை குந்தியிருந்து களை பிடுங்கும் பெண். அவர் மிசினைத் தொடுவதில்லை, ஆகவே மருந்துப் பயிற்சிக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. பனி காயாத இலையிலிருந்து மருந்து அவர் விரல்களிலும் கால்களிலும் படுகிறது. பிள்ளைக்குப் பாலூட்டும் தாயாகவும் இருக்கலாம். அடித்து எத்தனை நாள் கழித்துத் தறையில் இறங்கலாம் என்பது லேபலில் சிறிய எழுத்தில் இருக்கும், ஆனால் போத்தல் தோட்டக்காரர் வீட்டில் இருக்கும். அடித்த நாளும் இறங்கும் நாளும் எழுதிய ஒரு பலகை வரம்பில் நட வேண்டும் என்ற விதியை அவரைத் தவிர வேறு யாரும் கேட்டு எழுதப் போவதில்லை.