கையொப்பத்தின் விலை

காய்ச்சல் வந்தது. மருத்துவர் பார்த்தார், மருந்து தந்தார், நோய் தீர்ந்தது. நான்காம் நாள் வேலைக்குத் திரும்புகிறான் தொழிலாளி. "சர்ட்டிபிகேட் எங்கே?" என்று கேட்கிறார் மேலாளர். மூன்று நாள் பாயில் சுருண்டு கிடந்த உடல் சான்றாகாது. ஒரு தாளும், அதன் அடியிலே ஒரு கையொப்பமும்தான் சான்றாகும்! மீண்டும் மருத்துவர் வாயிலில் நிற்கிறான். கட்டணம் கேட்கப்படுகிறது. நோயைத் தீர்த்ததற்கு ஒரு கட்டணம், நோய் இருந்தது என்று சொல்வதற்கு இன்னொரு கட்டணமா என்று மனம் குமுறுகிறது. மருத்துவரைப் பழிப்பது எளிது. அந்த எளிய வேலையை நாம் செய்யப்போவதில்லை. அந்தத் தாள் யாருக்காகப் பிறந்தது என்று வரலாற்றைக் கேட்போம். கேட்பதற்கேற்ற ஊர் காரைக்கால்.

மூன்று புறம் தஞ்சை வயல், ஒரு புறம் கடல். சட்டம் மட்டும் பாரிசிலிருந்து! 1739 முதல் 1954 நவம்பர் முதல் நாள் வரை, ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, அதுதான் காரைக்காலின் நிலை. 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்தது சரி, கரும்புத் தோட்டத்திற்கு ஆள் வேண்டுமே! ரெயூனியன் தீவுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழன் கப்பலேற்றப்பட்டான். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஆங்கில ஆட்சிக்குட்பட்ட மாவட்டத்துக் கூலிகளையும் இவ்வழியே அனுப்ப இடம் தந்தது. கப்பலேறுமுன் மருத்துவச் சோதனை உண்டு. கண்ணைப் பார்த்தார்கள், மார்பைத் தட்டினார்கள், தோட்ட வேலை தாங்குவானா என்று கணித்தார்கள்.

அந்தச் சோதனைக்குக் கூலி காசு கொடுத்தானா? இல்லை. ஆள் சேர்த்து அனுப்பிய அமைப்பின் கணக்கிலே எழுதப்பட்டது அச்செலவு. கருணையென்று எண்ணிவிட வேண்டாம். மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன், பார்த்த கூலியை மாட்டிடம் கேட்பதில்லை!

கொடுமையான அந்த ஏற்பாட்டிலும் ஓர் உண்மை அப்பட்டமாகத் தெரிகிறது. மருத்துவம் நோயாளிக்காக, சான்றிதழோ மூன்றாமவனுக்காக. அன்று தோட்ட முதலாளிக்காக. இன்று அலுவலகத்துக்காக, பள்ளிக்காக, காப்பீட்டுக்காக, உரிமம் வழங்குகிறவருக்காக. தாளில் கையொப்பமிடும்போது மருத்துவர் மருத்துவராக மட்டுமல்ல, சாட்சியாகவும் நிற்கிறார்.

சாட்சிக்குத் தண்டனையும் உண்டு. பொதுக்கடமையிலிருந்து ஒருவனைத் தப்புவிக்க, இல்லாத நோயை இருப்பதாக எழுதித் தரும் மருத்துவருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்றது 1810-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு. பரிசு பெற்று எழுதினால் நாடு கடத்தல்! 1963-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுவைப் பகுதிகளுக்கு விரிக்கப்பட்டது. சட்டம் கோரும் சான்றைப் பொய்யெனத் தெரிந்தே தருபவரைப் பொய்ச்சாட்சி சொன்னவராகவே நடத்தியது அதன் 197-ஆம் பிரிவு. அதனிடத்தில் இன்று இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 234. தந்த சான்றுகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. ஆராய்ந்து, எழுதி, பதிந்து, பொறுப்பும் ஏற்கும் உழைப்புக்குக் கூலி கேட்பது குற்றமன்று. 1948-இல் நாட்டுக்கே இலவச மருத்துவம் தந்த பிரிட்டனில்கூட, ஏழு நாளுக்கு மேற்பட்ட நோய்க்குத்தான் சான்று இலவசம். முதல் ஏழு நாளுக்கு முதலாளி தாள் கேட்டால், மருத்துவர் தனிக்கட்டணம் பெறலாம்.

ஆனால், கூலியை யார் கொடுப்பது? அங்கேதான் வழக்கு!

சாவுக்கு மட்டும் சட்டம் தெளிவாகப் பேசியிருக்கிறது. 1804-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, பிணம் புதைக்கும் அனுமதியை முத்திரையில்லாத தாளில், கட்டணமின்றித் தரவேண்டும் என்றது. 1969-இல் வந்த இந்தியப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் அதே குரலில் பேசுகிறது: கடைசி நோயில் சிகிச்சை செய்த மருத்துவர், இறப்பின் காரணத்தைக் குறிக்கும் சான்றைக் கட்டணம் வாங்காமல் தரவேண்டும். அந்தத் தாள் வேண்டுவது அரசுக்கு; பிணத்தருகே அழுதுகொண்டிருப்பவளிடம் அதற்கு விலை கேட்கலாகாது என்பதில் இரு சட்டங்களுக்கும் வேற்றுமை இல்லை.

வாழ்கிறவனுக்கு? 1956-இல் அமைந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், பாலிசி எடுப்பவரைச் சோதிக்கும் மருத்துவருக்குத் தானே கட்டணம் தருகிறது. தாள் தேவைப்படுவது அதற்கு, தருவது அதுவே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் வரும் ஆலைத் தொழிலாளிக்கு, நோய்க்காலச் சான்று அத்திட்டத்தின் மருத்துவரிடமே கட்டணமின்றிக் கிடைக்கிறது. திருநள்ளாற்று வயலில் நாற்று நடுபவள் அந்தத் திட்டத்துக்குள் இல்லை. பட்டினச்சேரியில் வலை இழுப்பவனும் இல்லை. வண்டியோட்டி உரிமத்துக்கோ, பிள்ளையின் பள்ளி விடுப்புக்கோ தாள் வேண்டுமென்றால், தாளைக் கேட்டவர் நாற்காலியில் சாய்ந்திருக்க, மடியை அவிழ்ப்பவர்கள் இவர்கள். தாளைக் கேட்பவரே அதன் விலையையும் தரட்டும் என்கிறோம் நாம். மருத்துவருக்கும் ஒரு சொல்: சேவை செய்யுமுன்பே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதே 2002 விதிதான்.

கப்பலேறிய துறையிலிருந்து இன்றும் பிழைப்புக்காகக் கடல் கடக்கிறார்கள். இப்போது வளைகுடா. அந்நாடுகளில் பலவற்றுக்கு, அவை ஒப்புக்கொண்ட சோதனை நிலையத்தின் சான்று இன்றி வேலை விசா இல்லை. காரைக்கால் இளைஞன் திருச்சிக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறுகிறான். கண்ணைப் பார்க்கிறார்கள், மார்பைப் படம் பிடிக்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். வேலை கொடுப்பவனுக்கு வேண்டிய தாள் அது. கட்டணச் சீட்டிலோ பெரும்பாலும் இளைஞனின் பெயர். பணம், அவன் தாய் அடகு வைத்த நகையிலிருந்து வந்தது.