கிப்லாவும் கணிதமும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, இலங்கையின் மேற்குக் கரையில் வந்திறங்கினார். அவர் ‘பத்தாலா’ எனக் குறித்த ஊர் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கரையில் கிடந்த கறுவாக் கட்டைகளையும், பாரசீகம் அறிந்த ஆரியச் சக்கரவர்த்தியையும், பாவா ஆதம் மலைக்குத் தாம் பல்லக்கில் அனுப்பப்பட்டதையும் அவர் விரிவாகவே எழுதினார். ஆயினும் எக்கரையில் இறங்கினாலும் ஒரு முஸ்லிம் பயணிக்கு முதற்கேள்வி ஒன்றுதான்: கிப்லா எப்பக்கம்?

கேள்வி மார்க்கத்தினுடையது. விடை தேடியவர்களோ கோளக் கணிதத்துக்குள் நுழைந்தார்கள். கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாகக் காண்பதற்கென்றே அல்-பிரூனி 1025இல் ஊர்களின் அகலாங்கு, நெட்டாங்குகளைக் கணிக்கும் பெருநூலை முடித்தார். 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் உமையாப் பள்ளியின் நேரக்கணிப்பாளர் அல்-கலீலி, ஏறத்தாழ 3000 பதிவுகள் கொண்ட கிப்லா அட்டவணையை அமைத்தார்.

அதே காலத்தில் இன்னொரு மரபும் இருந்தது. கஃபாவை நடுவாக வைத்து, அதன் ஒவ்வொரு சுவருக்கும் மூலைக்கும் உலகின் ஒரு பகுதியை வகுத்து, நட்சத்திரங்களின் உதயத்தையும் மறைவையும் கொண்டு திசை காட்டிய மரபு அது. அதில் கணக்கில்லை. இரண்டும் ஒரே ஈமானில் பிறந்தவை. ஆகவே, மார்க்கம் விஞ்ஞானத்தை வளர்த்தது என்றோ தடுத்தது என்றோ ஒரே வரியில் தீர்ப்பெழுத முடியாது. எதைத் தேடுவது என்பதை மார்க்கம் சொன்னது. எப்படித் தேடுவது என்பதில் அறிஞர்கள் வேறுபட்டார்கள்.

தேடலுக்கு எல்லையும் இருந்தது. அல்-கலீலியின் அட்டவணை வடக்கு 10 பாகையில் தொடங்குகிறது. புத்தளம் இருப்பதோ 8 பாகையில். இரண்டு பாகையால் நாம் வெளியே நிற்கிறோம்! ஆனால் அவரது கணிதம் நம்மையும் தழுவும். அதன்படி எமது கிப்லா, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே சாய்ந்தது.

பேச்சுவழக்கில் நமக்குக் கிப்லா என்றால் மேற்குத்தான். பழைய பள்ளிகளைத் திருத்திக் கட்டும்போது சச்சரவு எழுவதும் இங்கேதான். மேற்கு நோக்கித் தொழுத மூத்தோரை அறியாதவர் என்பது அநீதி. கணக்கைப் புதுமை என்று ஒதுக்குவதும் நமது வரலாற்றை நாமே மறப்பதாகும்.

மே 28ஆம் திகதி பிற்பகல் 2.48 அளவில் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளை களப்போரத்தில் ஒரு கம்பை நிமிர்த்தி நட்டால், நிழலுக்கு எதிர்ப்பக்கமே கிப்லா. பார்க்க விரும்புவோருக்கு ஒரு கம்பே போதும்.