இழுவிசையை உணரும் செல்கள்

வியன்னாவின் உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர், உருண்டை முனைக் குத்தூசியால் பிணங்களின் தோலில் துளைகள் போட்டுப் பார்த்தார். பல இடங்களில் துளை வட்டமாக நிற்கவில்லை. நீண்ட கீறலாகத் திறந்துகொண்டது. கீறல்களின் திசையைத் தொடர்ந்து கோடிட்டு, உடலின் தோல் எங்கெங்கே எப்படி இழுபட்டிருக்கிறது என்பதை 1861-இல் படமாக வெளியிட்டார். தோலின் இழுவிசைப் போக்கிலேயே கத்தி வைத்தால் தழும்பு மெலிதாக இருக்கும், குறுக்கே வெட்டினால் தடிக்கும் என்பது அறுவை மருத்துவர்களின் பாடமாயிற்று.

ஏன் தடிக்கிறது?

விடை, இணைப்புத் திசுவில் கொலாஜன் நாரைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இருந்தது. 1971-இல் ஜூலியோ கப்பியானியும் சகாக்களும் ஆறிவரும் புண்ணை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். இந்தச் செல்களுக்குள் தசையில் காண்பது போன்ற சுருங்கும் இழைக்கட்டுகள் தெரிந்தன.

1980-இல் வட கரோலினாவில் ஆல்பர்ட் ஹாரிஸ், இந்தச் செல்கள் சுருங்கி இழுப்பதைக் கண்ணுக்கே காட்டினார். சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பில் நொடிப்பொழுது தீயைக் காட்டினார். பாலில் ஆடை படிவதுபோல மேலே மெல்லிய ரப்பர் படலம் உருவானது. அடியில் திரவம் அப்படியே இருந்தது. படலத்தின்மேல் விட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஊர்ந்தபோது அது சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. ஊர்வதற்குத் தேவையானதைவிட மிக அதிக விசையோடு அவை இழுத்தன.

செல் வெறுமனே இழுப்பதில்லை. தான் பற்றியிருக்கும் தளம் எவ்வளவு இறுக்கமானது என்பதையும் இழுத்தே அறிகிறது. 2006-இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் எலும்பு மஜ்ஜைக் குருத்துச் செல்களை வெவ்வேறு இறுக்கமுள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மூளையளவு மென்மையான ஜெல்லில் அவை நரம்புச் செல்லின் சாயலையும், இறுகிய ஜெல்லில் எலும்புச் செல்லின் சாயலையும் பெற்றன.

தளத்தின் இறுக்கம் பற்றிய இந்தச் செய்தி மரபணுவை எட்டும் வழியை 2011-இல் இத்தாலியின் பதுவாவில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு கண்டது. தளம் மென்மையாக இருந்தால் யாப், டாஸ் என்ற இரு புரதங்கள் செல்லின் உட்கருவுக்கு வெளியே தங்கிவிடுகின்றன. தளம் இறுகினால் உள்ளே நுழைந்து, மரபணுக்களைத் தூண்டிவிடுகின்றன.

இந்த வழியை அடைத்தால் தழும்பு குறையுமா? 2021-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், கண்நோய்க்குத் தரப்படும் வெர்டிபோர்ஃபின் மருந்தால் எலிகளின் காயத்தில் யாப்பைத் தடுத்தார்கள். தழும்பு விழவில்லை, மயிர்க்கால்களும் சுரப்பிகளும் மீண்டும் முளைத்தன. ஆனால் எலித்தோல் தளர்வானது, காயம் பெரும்பாலும் தானே சுருங்கி மூடிக்கொள்ளும். அதனால் ஆய்வாளர்கள் அதன் காயத்தை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துத்தான், மனிதத் தோலில் விழுவது போன்ற தழும்பை உண்டாக்கிச் சோதிக்கிறார்கள்.