கம்ப்யூட்டருக்கு மரப்பெட்டி அடித்த காலம்

1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' அட்டைப்படத்தில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் கம்பீரமாக நின்றது. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையைப் பல ஆயிரம் அமெரிக்கர்களுக்குக் கிளப்பிய படம் அது. வேடிக்கை என்னவென்றால், படத்தில் இருந்தது வெறும் டப்பா! பத்திரிகைக்கு அனுப்பிய மாதிரி இயந்திரம் பார்சலில் தொலைந்துபோனதால், உள்ளே ஒன்றுமில்லாத பெட்டியை வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடமே இதற்கு நேர்மாறான கதை. உள்ளே எல்லாம் இருக்கிறது, பெட்டிதான் இல்லை.

1976-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1, ஒரு சர்க்யூட் போர்டு. அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் 'பைட் ஷாப்' என்ற கடை வைத்திருந்த பால் டெரல், ஒன்று 500 டாலர் வீதம் 50 கம்ப்யூட்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார். அவர் எதிர்பார்த்தது முழு கம்ப்யூட்டர். ஸ்டீவ் ஜாப்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தது சில்லுகள் பொருத்திய போர்டுகள். டெரல் முகம் சுளித்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்டார். கடை விலை 666.66 டாலர். அந்தக் காசைக் கொடுத்து வாங்கியவர் கீபோர்டு, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டி.வி. எல்லாவற்றையும் தனியாகத் தேடவேண்டும். கடைசியாக, இவற்றை அடைக்க ஒரு பெட்டி.

அங்கேதான் வீட்டு கராஜில் இருந்த ரம்பமும் சுத்தியலும் வேலைக்கு வந்தன. ஏன் மரம்? தகரத்தை வளைக்க மெஷின் வேண்டும், பலகையை அறுக்கக் கை போதும். இன்னொரு வசதியும் உண்டு. போர்டின் அடியில் நூற்றுக்கணக்கான பற்றவைப்பு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை உலோகத்தில் பட்டால் ஷார்ட் சர்க்யூட். மரத்தில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மரம் சூட்டைக் கடத்தாது. போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர்கள் நன்றாகவே கொதிக்கும். அதனால் காற்று போக வழி விடாமல் அழகாக மூடிவிட்டால் அழகு மட்டும்தான் மிஞ்சும். கனமான டிரான்ஸ்ஃபார்மர்களை எங்கே உட்காரவைப்பது, கீபோர்டை எவ்வளவு சாய்ப்பது என்று ஒவ்வொருவரும் தன் மேஜையைப் பார்த்து முடிவுசெய்தார்கள். எனவே ஒரு பெட்டிபோல இன்னொன்று இல்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆப்பிள்-1, அப்படி வீட்டில் செய்த மரப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. மேலே கம்பெனியின் பெயரைக் கையால் வெட்டியிருக்கிறார்கள், எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாக.

பெட்டியையும் ஆப்பிளே செய்து கொடுத்திருக்கக் கூடாதா? காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பதில் உடனே தெரியும்: நிலையான செலவு. பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் விலை சொற்பம், அதை வார்க்கும் அச்சின் விலை பெரிது. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தச் செலவு ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் பிரிந்து சிறிதாகும். ஆப்பிள்-1 மொத்தமே சுமார் 200 தான் செய்தார்கள். கணக்கு உதைத்தது. ஆக அந்தச் செலவு வாங்குபவரின் ஞாயிற்றுக்கிழமைகளாக மாறியது. ரம்பம் பிடிக்கத் தெரியாதவர் கம்ப்யூட்டர் பக்கமே வரமுடியாது என்பதுதான் இதன் விளைவு.

ஜாப்ஸுக்கு உறுத்தியது இதுதான். கடையில் பார்த்த குய்சினார்ட் மிக்ஸியைப்போல வழவழப்பாக ஒரு பெட்டி வேண்டும் என்று ஜெர்ரி மேனக் என்ற வடிவமைப்பாளரைப் பிடித்தார். கூலி 1,500 டாலர். அச்சுச் செலவு குறைந்த ஒரு வார்ப்பு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் பெட்டிகள் சொரசொரப்பாக வந்து சேர்ந்தன. 1977 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவைத்தார் ஜாப்ஸ். உலகின் புகழ்பெற்ற பிளாஸ்டிக் பெட்டிக்கும் கடைசி வேலை கைவேலைதான்! மூடியைத் திறந்து உடனே பயன்படுத்தக்கூடிய ஆப்பிள்-2 லட்சக்கணக்கில் விற்றது. பள்ளிகள் வாங்கின, கணக்குப் பார்க்கச் சிறு கடைக்காரர்களும் வாங்கினார்கள்.

மரப்பெட்டிக்கு இன்னொரு எதிரி, ரேடியோ இரைச்சல். கம்ப்யூட்டர் ஓடினால் பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு விழும். மரமோ பிளாஸ்டிக்கோ அதைத் தடுக்காது, உலோகம் தடுக்கும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1979-ல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு பெரும்பாலும் தகரக் கூடுதான், வெளியே பழுப்பு வெள்ளைப் பூச்சு. 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, போர்டில் திருகாணி மாட்டும் துளை எங்கெங்கே என்பதைக்கூட நிர்ணயித்தது. எந்தக் கம்பெனி போர்டும் எந்தப் பெட்டியிலும் உட்காரும். இனி வீட்டில் பெட்டி செய்ய அவசியமே இல்லை. ஆனால் அளவுகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், செய்வது முன்னைவிடச் சுலபமாயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் அக்ரிலிக் ஜன்னல், நியான் விளக்கு என்று மறுபடி ரம்பம் எடுத்தவர்கள் ஆசைக்காக எடுத்தவர்கள்.

ஆப்பிள்-2 வந்ததும் பழைய ஆப்பிள்-1 போர்டுகளைத் திருப்பி வாங்கி அழித்துவிட்டது ஆப்பிள். தப்பித்தவை கொஞ்சம். அதில் ஒன்று கோவா என்ற ஹவாய் மரத்தில் செய்த பெட்டியோடு இருந்தது. இது வீட்டு வேலை இல்லை, போர்டு மட்டும் விற்றால் போதாது என்று டெரலின் கடை ஏற்பாடு செய்த வகை. கலிஃபோர்னியாவின் சாஃபி கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதை வைத்திருந்தார். ஆப்பிள்-2 வாங்கும் ஆசையில் 1977-ல் தன் மாணவருக்கு 650 டாலருக்குத் தள்ளிவிட்டார். அந்த மாணவர் 40 வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 2021 நவம்பரில் அது மரப்பெட்டியோடு 4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.