வேலியும் பட்டாவும்

ரயில் ஊர்களை வளர்க்கும். 1931-ல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார ரயில் தாம்பரத்தை வளர்த்தது போல. வீடுகளைக் காலி செய்வதும் அதே ரயில்தான்.

நீலகிரி அடிவாரம்வரை ரயில் வந்ததும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் உதகைக்குப் போகத் தலைப்பட்டார்கள். சென்னையின் தோட்ட பங்களாக்களை வாங்குவாரில்லை. அப்படிக் கிடந்த அடையாற்றங்கரை ஹடில்ஸ்டன் தோட்டத்தைக் கர்னல் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் 1882-ல் கண்டார்கள். 27 ஏக்கர்; ஒரு மாளிகை, ஆற்றோரம் இரண்டு பங்களாக்கள், லாயம். விலை சுமார் 9,000 ரூபாய். கட்டடங்களை இடித்து விற்றால் சாமான்களே அந்த விலை பெறும் என்றார் ஆல்காட். இடிக்கவில்லை, டிசம்பர் 19-ல் பிரம்மஞான சபை குடிபுகுந்தது.

1907-ல் தலைமைக்கு வந்த அன்னி பெஸன்ட் காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்தன. இருப்பவர்களுக்குத் தனித்தனி ஜாகை. பொதுவில் போஜனசாலை, நூல்நிலையம். இந்துக் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், புத்தர் கோயில் எல்லாம் ஒரே வளாகத்தில் எழுந்தன. ஆனால் நிலம் சபைக்கே சொந்தம். வசிப்பவர் யாரும் தம் ஜாகையைப் பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. பாகப் பிரிவினையில் அது சிதறாமல் நின்றதற்கு இது முக்கிய காரணம்.

சொந்த வீட்டை விடாமலும் கூடி வாழலாம். கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரில், 1986-ல் அடுத்தடுத்த இரண்டு வீட்டார் நடுவேலியை எடுத்தார்கள். பிறகு அண்டை வீடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கொல்லைகள் ஒரே தோட்டமாயின.

நமக்கு இதில் பயம் உண்டு, நியாயமான பயம். ஒண்டிக்குடித்தனத்தில் ஒரே கிணற்றடியில் சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்! ஆனால் அங்கே வீட்டுக்காரர் வைத்ததே சட்டம். குடியிருந்தவர்களுக்கு வாய் இல்லை. கூடி வாழ்பவர்களே சட்டம் வைப்பது வேறு.

இன்று தாம்பரத்திலும் சேலையூரிலும் மாமரம் வைத்த பழைய வீடுகளில் கிழவனும் கிழவியுமாக இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அடுக்குமாடி கட்டுகிறவர் வாசலில் காத்திருக்கிறார். நான்கு வீட்டார் சேர்ந்து மதில்களில் கதவு வைத்து, ஒரு சமையற்காரரையும் ஒரு காவற்காரரையும் அமர்த்திக்கொண்டால், ராத்திரி மார்வலி வந்தால் கூப்பிட ஆள் இருக்கும்.

கதவு வைக்க ஒரு கொத்தனார் போதும். நால்வரில் ஒருவர் காலமாகி, அவர் மகன் வீட்டை விற்க வரும்போது அந்தக் கதவு என்ன ஆகும்? அதை நால்வரும் உயிரோடிருக்கும்போதே பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.