வெறுங்கோதும் வரலாறும்
திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதனைக் கைப்பற்றியோரின் பெயர் வரிசையாகவே பெரிதும் எழுதியுள்ளனர். கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயர், 1639இல் அதனைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே மாறிமாறி அதில் கொடியேற்றிய பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும், 1795இல் மீண்டும் வந்து நிலைத்த பிரித்தானியர் என இவ்வரிசை நீளும். துறைமுகம் கைமாறிய நாட்கள் நன்கு பதியப்பட்டுள்ளன. ஆனால், ஒரு கைமாற்றத்துக்கும் அடுத்த கைமாற்றத்துக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் கோட்டையிலும் கப்பலிலும் இருந்த படைஞர் நாள்தோறும் செய்தது யாது? அவர்கள் பயின்றனர். குறிபார்த்துச் சுடப் பழகினர். அப்பயிற்சிக்கு எத்துணைச் செலவு செய்யலாம் என்பது ஆட்சியாளரை என்றும் உறுத்திய ஒரு வினாவாகும். அவ்வினாவின் வரலாற்றைத் துப்பாக்கி ரவையின் கோது என்னும் சிறு பொருளின் வழியாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரவை என்பது நான்கு உறுப்புகளால் ஆயது. இலக்கை நோக்கிப் பாயும் சன்னம், அதனை உந்தும் வெடிமருந்து, அம்மருந்தைப் பற்றவைக்கும் சிறு தீமூட்டி, இம்மூன்றையும் ஒருங்கே தாங்கும் கோது என்பனவே அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கோது பெரும்பாலும் காகிதத்தாலேயே ஆனது. 1857இல் வட இந்தியச் சிப்பாய்களிடையே கிளர்ச்சி மூள்வதற்கு உடனடிக் காரணமாயமைந்தது என்பீல்ட் துப்பாக்கியின் காகித ரவையில் பூசப்பட்ட கொழுப்பே என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அடுத்து வந்த தலைமுறையில் காகிதத்தின் இடத்தைப் பித்தளை பிடித்துக்கொண்டது.

பித்தளை இவ்விடத்தைப் பெற்றமைக்குத் தக்க காரணம் உண்டு. வெடிமருந்து எரியும்போது எழும் அழுத்தத்தால் கோது விரிந்து குழலறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றது. அதனால் வாயு பின்னோக்கிக் கசியாது தடுக்கப்படுகின்றது. அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்கிச் சுவரை விட்டு நீங்குவதால் வெறுங்கோதை எளிதில் வெளியேற்றலாம். மேலும் அது துருப்பிடிப்பதில்லை. பழுதுபடாத கோதில் மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் பயன்படுத்தலாம். உருக்கோ இவ்வளவு நெகிழ்வுடையதன்று. உருக்குக் கோது குழலறையோடு முற்றாக ஒட்டாமையால் புகைக்கரி பின்புறமாகப் படிகின்றது. மெருகெண்ணெய்ப் பூச்சோ பிறவுலோகப் பூச்சோ இன்றேல் ஈரக்காற்றில் விரைந்து துருவேறுகின்றது. பொதுவாக ஒருமுறைக்கு மேல் பயன்படுவதுமில்லை. ஆயினும் அது மலிவானது. பித்தளைக் கோதில் பத்தில் ஏழு பங்கு செம்பு, மூன்று பங்கு துத்தநாகம். செம்பின் விலை ஏறும்போதெல்லாம் உலகம் உருக்கை நாடுகின்றது.

பயிற்சியில் சிக்கனம் தேடும் முயற்சி உருக்குக் கோதுக்கு முற்பட்டதாகும். பெருந்துப்பாக்கியின் குழலினுள்ளே ஒரு சிறுகுழலைப் பொருத்தி மலிவான சிறு ரவைகளைச் சுட்டுப் பழகும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரித்தானியப் படையில் வழங்கியது. கடற்படையில் இதனைச் செம்மைப்படுத்தியவர் பேர்சி ஸ்கொட் என்னும் தளபதியாவார். அக்காலக் கப்பல்களிற் பயிற்சிச் சுடுதல் ஒரு சடங்காகவே நடந்துவந்தது. வெடிப்புகை கப்பலின் வண்ணப்பூச்சைக் கெடுத்துவிடும் என அதனை வெறுத்த அதிகாரிகளும் இருந்தனர். ஸ்கொட் பீரங்கியோடு சிறுதுப்பாக்கி ஒன்றை இணைத்து, குறைந்த செலவில் நாள்தோறும் பயிற்சி அளித்தார். அதன் பயனாக 1899இல் அவரது 'சில்லா' என்னும் கப்பல் சுட்ட 70 குண்டுகளுள் 56 இலக்கை அடைந்தன. நூற்றுக்கு எண்பது என்னும் இவ்வீதம் அந்நாளில் எவரும் எதிர்பாராததாகும். மலிவான ரவையைக் கொண்டு பன்முறை பயில்வது, விலையுயர்ந்த ரவையைக் கொண்டு அரிதாகப் பயில்வதினும் மேலானது என்னும் உண்மை இதனால் நிலைநாட்டப்பட்டது.

சிக்கனத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. அதனைத் திருகோணமலை நேரிற் கண்டது. 1904-05ஆம் ஆண்டுகளில் கடற்படைத் தலைவர் பிஷர் மேற்கொண்ட சீரமைப்பின்போது, செலவைக் குறைக்கும் பொருட்டுத் திருகோணமலைக் கடற்படைத் தளம் ஒடுக்கப்பட்டது. பயிற்சி ரவையில் மீதப்படுத்துவது ஒரு சிக்கனம். துறைமுகத்தையே மீதப்படுத்துவது பிறிதொரு சிக்கனம். முன்னது திறமையை வளர்த்தது. பின்னதன் விளைவை அடுத்த தலைமுறை ஏற்க நேர்ந்தது. இரு பெரும்போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேதான் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுப்பப்பட்டுத் துறைமுகம் மீண்டும் மதிப்புப் பெற்றது. அத்தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சி நிற்கின்றன.

1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலையும் கொழும்பும் உயிர்நிலைகளாயின. ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத்தளம் சேதமுற்றது. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. முன்னிரவே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடத்தே ஒரு விமானமுமின்றி மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பலில் மட்டும் 307 பேர் மாண்டனர்.

அதே ஆண்டில் இலங்கை மக்கள் தங்கள் மடியிலும் போரைச் சுமந்தனர். உலோகத் தட்டுப்பாட்டினால் சில்லறைக் காசுகள் அருகியமையால் 1942இல் அரசாங்கம் சதங்களுக்கே காகித நோட்டு வெளியிட்டது. 5 சத நோட்டு, 2 சதமும் 3 சதமுமாகக் கிழித்துக்கொள்ளத்தக்கதாய் நடுவே துளையிடப்பட்டிருந்தது. இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. செம்பை மீதப்படுத்தவே ஐக்கிய அமெரிக்கா 1943இல் ஒரு சதக் காசைத் துத்தநாகம் பூசிய உருக்கால் வார்த்தது. அதே நோக்கத்தோடு இந்தியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரிலிருந்த கிறைஸ்லர் மோட்டார்த் தொழிற்சாலை, .45 அளவுக் கைத்துப்பாக்கி ரவைகளை உருக்குக் கோதுடன் செய்யத் தொடங்கி, போர்க்காலத்தில் மூன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட ரவைகளை உற்பத்தி செய்தது. யேர்மனியும் தன் 9 மில்லிமீற்றர் ரவைகளுக்கு மெருகெண்ணெய் பூசிய உருக்குக் கோதுகளை அமைத்தது. கைத்துப்பாக்கி ரவையின் கோது குறுகியது, நேரானது. அதனுள் எழும் அழுத்தமும் ஒப்பளவிற் குறைந்தது. ஆதலின் உருக்கின் குறைகளை அது எளிதிற் பொறுத்துக்கொண்டது. பிரித்தானியாவோ தன் சிறுபடைக்கல ரவைகளுக்குப் பெரும்பாலும் பித்தளையையே தொடர்ந்து பயன்படுத்தியது. பயிற்சி முடிந்ததும் வெறுங்கோதுகளைப் பொறுக்கி எண்ணித் திருப்பி ஒப்படைக்கும் ஒழுங்கு அப்படையில் இருந்தமைக்குக் காரணமும் அவற்றின் உலோக மதிப்பே.

இங்கு ஒரு முரண் தோன்றுவதைக் காணலாம். உருக்குக் கோது போர்முனைக்கென்றே பிறந்தது. தட்டுப்பாடு என்னும் கட்டாயத்தின் குழந்தை அது. போர் ஓய்ந்து செம்பு மீண்டும் கிடைத்தபோது அமெரிக்கர் பித்தளைக்குத் திரும்பினர். சோவியத்து நாடோ உருக்கையே தொடர்ந்து கைக்கொண்டது. 1991இல் அந்நாடு கலைந்தபின் அதன் தொழிற்சாலைகளிலிருந்து உருக்குக் கோது ரவைகள் பெருமளவில் அமெரிக்கச் சந்தைக்குச் சென்று, இலக்குப் பயிற்சிக்குரிய மலிவுச் சரக்காக விலைபோயின. பயிற்சிக்கூடத்தார் சிலர் சன்னத்திற் காந்தத்தை வைத்துப் பார்த்து, அதன் மேலுறையிலும் உருக்கு இருப்பின் இலக்குத் தகடு பழுதாகும், பொறி பறக்கும் என அதனை மறுத்தனர். 2021இல் ஐக்கிய அமெரிக்கா உருசிய ரவைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்க மறுத்தது. ஒரு காலத்திற் போர்க்கட்டாயமாயிருந்தது பிறிதொரு காலத்தில் விளையாட்டுச் சிக்கனமாயிற்று. பின்னர் அதுவும் அரசியலுக்கு உட்பட்டது.

திருகோணமலையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேற்றட்டில் ஒரு பித்தளைக் கோது உண்டு. விமான எதிர்ப்புப் பீரங்கியொன்றின் வெறுங்கோதாகிய அதனை, போர்க்காலத்தில் துறைமுகத்தில் கூலிவேலை செய்த என் பூட்டனார் கொண்டுவந்தார் என்பர். புளியிட்டுத் துலக்கினால் இன்றும் பொன்போல் ஒளிரும். பொங்கலன்று அதில் பூ வைப்பது வழக்கம். அவர் எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தார், என்ன கூலி பெற்றார், 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்தபோது அவருக்கு நேர்ந்தது யாது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கோது நிலைத்தது, அதனைச் சுமந்தவரின் வரலாறு துருவேறிப் போயிற்று.

இதனை ஓர் இரங்கற் செய்தியாக யான் கூறவில்லை. சான்று பற்றிய சிக்கலாகவே கூறுகின்றேன். பித்தளை மண்ணில் நெடுங்காலம் கிடந்து பின்வருவோருக்குச் சான்றாகின்றது. கடலோர ஈரமண்ணில் உருக்கு விரைவிற் கரைந்துவிடுகின்றது. விலையுயர்ந்தது எஞ்ச, மலிவானது மறைகின்றது. எஞ்சியதை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு, மலிவாக மதிக்கப்பட்ட பொருளையும் மலிவாக மதிக்கப்பட்ட உழைப்பையும் ஒருங்கே விட்டுவிடும்.

மேலும், 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போருக்குப்பின் எமது மாவட்டத்தில் ஒரு வெறுங்கோதைக் கண்டெடுக்கும் எவரும் அதனைப் பயிற்சியின் எச்சமென்று எண்ணார். பயிற்சி என்பது எதற்கான பயிற்சி என்னும் வினாவை எம்மக்கள் பட்டறிவால் அறிந்துள்ளனர். மலிவான ரவை பயில்வோரின் செலவைக் குறைத்தது என்பது உண்மையே. ஆயின் இறுதிச் செலவை ஏற்றவர் யாவர் என்பதையும் உடன் எழுதினாலன்றித் திருகோணமலையின் வரலாறு முழுமை பெறாது. 1942ஐ நேரிற் கண்டோருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்களது வாய்மொழியைப் பதிந்துவைக்கும் பணி, துறைமுகத்தை அண்டி வாழும் எம் தலைமுறை மாணவருக்கு உரியதாகும்.