நீலகிரியின் கருமண்

நீலகிரியின் உச்சிப் பீடபூமியில், மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் அருகருகே அமைந்த இடங்களில் மண்ணைத் தோண்டுவோர் முதலில் வியப்பது அதன் கருமையைத்தான். நாவல், காட்டுச்செண்பகம், காட்டுப்பூவரசு முதலிய மரங்களின் சருகும், புல்லின் வேரும், குளிரிலும் ஈரத்திலும் மெல்ல மக்கி, முற்றும் அழியாமல் மண்ணிலுள்ள அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்து காலாந்தரமாய் நிலைபெற்றதால் விளைந்தது அக்கருமை.

அந்தப் புல்வெளி இயற்கையாய் அமைந்ததா, அன்றி மனிதன் வைத்த தீயினால் சோலை அழிந்து உண்டானதா என்பது நெடுங்கால விவாதம். அங்கு வாழும் தோடர் பழங்குடியினரின் எருமை மேய்ச்சலையும், மலைவாசிகள் காய்ந்த புல்லுக்குத் தீயிடும் வழக்கத்தையும் பலர் காரணமாகக் காட்டினர். இவ்வழக்கில் மிக நேர்மையான சாட்சி, சருகும் வேரும் மக்கி மண்ணில் நிலைபெற்ற அந்த மக்கேயாகும். வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பாலானவை மரங்களைக் காட்டிலும் கனமான கரிம அணுக்களைச் சற்றே மிகுதியாகக் கொண்டிருக்கும். செடி மடிந்து மக்கிய பின்னரும் அந்த விகிதம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே மலைச் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த மக்கை ஆராய்ந்து, ஆய்வாளர் சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்திலிருந்தபோது, அங்கே புல்லே ஓங்கியிருந்தது எனக் காட்டியது. பின்னர் மழை பெருகியபோது மரமும், வறண்டபோது மீண்டும் புல்லும் மேலோங்கின. இன்று சோலை நிற்கும் சில இடங்களிலும், ஆழத்திலுள்ள கருமக்கு புல்லின் வழிவந்ததே. தோடரின் மீது சுமத்தப்பட்ட பழி எவ்வளவு அநியாயமானது என்பது இதனால் தெளிவு.

இத்தகைய மண்ணின்மேல்தான், உதகமண்டலத்தின் விறகுத் தேவைக்காகச் சோலைகள் வெட்டுண்ட பின், ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும், 1843-ஆம் ஆண்டுவாக்கில் கற்பூரத்தைல மரமும் வந்து சேர்ந்தன. தைல மரத்தின் தடித்த இலை எண்ணெயும் துவர்ப்பும் செறிந்தது. எளிதில் மக்காமல் தரையில் குவிந்து கிடப்பது. சீகையோ காற்றின் நைட்ரஜனை வேர்முடிச்சுகளால் பற்றி மண்ணில் சேர்த்து, அதன் இயல்பையே தனக்கேற்ப மாற்றுவது. அதன் விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கி, தீ பட்டதும் முளைப்பவை. ஆகையால் இம்மரங்களை வெட்டியதும் புல் மீண்டுவிடும் என எண்ணுவது பேதைமை. மரமில்லாத மேட்டை வெறும் தரிசெனக் கருதி மறுபடியும் கன்று நடுவதோ அதனினும் பெரிய பிழை.